பாஸில் எழுதியிருந்த தகப்பன் பெயர்

என் அப்பா பத்து வயதில் பண்ணை வேலைக்குப் போனவர். அவராகப் போகவில்லை. அவருடைய அண்ணன் ஓடிப்போய்விட்டார் என்பதற்காக மூன்றாம் நாள் காலையில் ஆள் வந்து தம்பியைக் கூட்டிக்கொண்டு போனது. அண்ணன் அந்தப் பண்ணையில் படியாளாக இருந்தார். படியாள் ஓடிவிட்டால் அவன் வீட்டிலிருந்து இன்னொருவன் அந்த இடத்தில் நிற்க வேண்டும் என்பது எங்கள் பக்கத்து வழக்கம். செத்த மாட்டுக்குப் பதிலாக வேறு மாட்டை நுகத்தில் பூட்டுகிற மாதிரி. எங்கள் சேரியில்கூட இதை அநியாயம் என்று யாரும் சொல்லி நான் கேட்டதில்லை. "பண்ணைக்கு ஒரு ஆளு நிக்கணும் இல்ல?" என்பார்கள். அதைச் சொல்லும்போது அவர்கள் முகத்தில் எந்த வருத்தமும் இருக்காது. எனக்கு அதுதான் பொறுக்காது.

படியாள் என்றால் என்ன என்று இப்போதைய பிள்ளைகளுக்குத் தெரியவில்லை. வருஷம் முழுவதும் ஒரே பண்ணையில் வேலை. கூலி காசாகக் கிடையாது, படியில் அளந்து போடுகிற கேப்பை. பண்ணைக்காரரை ஆண்டை என்போம். வேறு ஆண்டையிடம் போக முடியாது. குடிசை நிற்கிற மண்ணும் ஆண்டையுடையது. வழியில் யாராவது நிறுத்தி "யார்டா நீ?" என்று கேட்டால் படியாள் தன் பெயரைச் சொல்ல மாட்டான், தன் தகப்பன் பெயரையும் சொல்ல மாட்டான். ஆண்டையின் பெயரைத்தான் சொல்லுவான். கேட்டவனுக்கும் அது போதும். யாருடைய ஆள் என்று தெரிந்தால் சரி, ஆளைத் தெரிந்து என்ன ஆகப்போகிறது?

இந்தப் பழக்கம் எங்கள் குடும்பத்தை என்ன செய்தது என்பதைத்தான் எழுத வந்தேன்.

எங்கள் ஊர் பெருமுக்கல் மலை தெரிகிற தூரத்தில் இருந்தது. நான் ஐந்தாவது வரை படித்தேன். அதுவும் அம்மாவின் பிடிவாதத்தால். ஆண்டை வீட்டில் "பையன் எப்ப வர்றான்?" என்று கேட்கக் கேட்க, "கால்ல கட்டிங்க", "வயித்துல பூச்சிங்க" என்று ஏதோ ஒன்றைச் சொல்லித் தள்ளிக்கொண்டே வந்து, ஐந்தாவது முடிந்த அன்றே என்னைத் திண்டிவனத்தில் ஒரு மல்லாட்டை மண்டியில், அதாவது நிலக்கடலை மண்டியில், கொண்டுபோய் விட்டுவிட்டாள். சாக்கு தைப்பது, மூட்டையை லாரியில் ஏற்றுவது, லாரியோடு விழுப்புரம் ஜங்ஷனுக்குப் போய் கூட்ஸ் ஷெட்டில் இறக்குவது. எனக்கு நாலு பேர் முன்னால் பேச வராது. சின்ன வயதிலிருந்தே அப்படித்தான். சாக்கு தைக்கிற வேலை எனக்குப் பிடித்துப்போனதற்கு அதுவும் ஒரு காரணம். சாக்கு நம்மைப் பார்த்து எதுவும் கேட்காது.

ஐம்பதுகளின் நடுவில் ஒரு அமாவாசை அன்று பெரியப்பா திரும்பி வந்தார். மண்டிக்கு விடுமுறை, அதனால் நான் வீட்டில் இருந்தேன். அம்மா அதற்கு முன்பே இறந்துவிட்டாள். அப்பா மதியச் சாப்பாட்டுக்கு வந்துவிட்டு வேப்பமரத்தடியில் தும்புக் கயிறு திரித்துக்கொண்டிருந்தார். ஏரிக்கரை மேல் ஒரு வாடகை மாட்டுவண்டி வந்து நின்றது. அதிலிருந்து ஒரு கிழவரும், நாற்பது வயது மதிக்கத்தக்க ஒரு பெண்ணும், ஒரு தகரப் பெட்டியும் இறங்கினார்கள். அந்தப் பெண் காலில் ஷூ. கையில் குடை. சேரிப் பிள்ளைகள் அவள் முகத்தைப் பார்க்கவில்லை, ஷூவைத்தான் பார்த்தார்கள்.

கிழவர் அப்பா முன்னால் வந்து நின்றார்.

"யாருப்பா நீ?"

அப்பா சட்டென்று எழுந்தார். தோளில் கிடந்த துண்டு தானாகவே இடுப்புக்கு இறங்கியது. "பெரிய வூட்டுப் பண்ணை ஆளுங்க."

கிழவர் அந்தத் துண்டையே பார்த்தார். பிறகு, "அது எனக்குத் தெரியும்டா. நீ என் தம்பிதானே?" என்றார்.

அப்பா நம்பவில்லை. நாற்பத்தைந்து வருஷத்துக்கு மேல் ஆகியிருந்தது. செத்துப்போனதாக நினைத்து அழுது முடித்திருந்தார்கள். "எங்கம்மா கூழுக்கு இன்னா தொட்டுக்குவா, சொல்லு பார்ப்போம்" என்று கேட்டார்.

"இன்னாத்த தொட்டுக்குவா? ஒண்ணும் கெடையாது. செல நாளு உப்பே இருக்காது."

அப்பா தலையை ஆட்டினார். கட்டிப்பிடிக்கவில்லை, அழவில்லை. "மாட்டுக்குத் தண்ணி காட்டணும், போய்ட்டு வர்றேன்" என்று சொல்லிவிட்டுப் பண்ணைக்குப் போய்விட்டார். என்னிடம் மட்டும் திரும்பி, "அவங்களுக்கு எதனா துன்றதுக்குக் குடு" என்றார்.

அன்றிலிருந்து பல நாள் அண்ணனும் தம்பியும் பேசிக்கொண்டதே இல்லை. ஒரே குடிசையில் ஆளுக்கு ஒரு மூலை. எனக்குப் பெரியப்பா மேல் அப்போது கோபம்தான் இருந்தது. நீ ஓடினாய், என் அப்பன் மாட்டிக்கொண்டான் என்று. ஆனால் அக்கா, அதாவது அவருடைய மகள், நல்லவள். புருஷன் அங்கேயே இறந்துவிட்டான், பிள்ளை இல்லை. வெள்ளைக்காரர் வீட்டில் துணி வெளுத்து, தைத்து அப்பனைக் காப்பாற்றியவள். அவள் பேசிய தமிழ் எங்கள் தமிழ்தான், ஆனால் என் தாத்தா காலத்துத் தமிழ். பெட்டிக்குள் மடித்து வைத்த துணி மாதிரி அப்படியே இருந்தது.

பெரியப்பா கொஞ்சம் கொஞ்சமாக என்னிடம் சொன்னார். ஆண்டையின் வண்டியை ஓட்டிக்கொண்டு திண்டிவனம் சந்தைக்குப் போன இடத்தில் ஒரு ஏஜெண்டு பிடித்தான். மெட்ராஸில் வேலை, தினமும் அரிசிச்சோறு என்றான். கையைக் கொடு என்று வாங்கித் தடவிப் பார்த்தான். உள்ளங்கை காய்த்திருக்கிறதா என்று பார்ப்பதற்காக. காய்த்த கைதான் அவர்களுக்கு வேண்டும். மெட்ராஸில் ஒரு டிப்போவில் நூற்றுக்கணக்கானவர்களோடு அடைத்து வைத்து, ஒரு நாள் வெள்ளைக்கார அதிகாரி முன்னால் வரிசையாக நிறுத்தினார்கள். "இஷ்டத்தோட போறீங்களா?" என்று ஒருவன் தமிழில் கத்தினான். வரிசை முழுவதும் ஒரே குரலில் "ஆமாங்க" என்றது. எங்கே போகிறோம் என்று அந்த வரிசையில் யாருக்கும் தெரியாது.

"நேட்டால்னு ஒரு ஊருன்னு கப்பல்லதான் தெரிஞ்சிச்சி. மெட்ராசுலேர்ந்து ரெண்டு நாளு இருக்கும்னு நெனச்சிக்கினு போறேன், கப்பலு போய்க்கினே இருக்குது."

தென்னாப்பிரிக்காவில் இருக்கிறது அந்த நேட்டால். அங்கே கரும்புத் தோட்டம். பொழுது விடிவதற்கு முன்னால் மணி. மேஸ்திரியாக இருந்த சர்தாரின் சவுக்கு. தோட்டத்தைத் தாண்டி வெளியே போகச் சீட்டு வேண்டும், சீட்டு இல்லாமல் பிடிபட்டால் ஜெயில். சாப்பாட்டுக்குச் சோளமாவு. உடம்பு முடியாமல் படுத்த நாளுக்கும் தண்டனை. இதெல்லாம் ஐந்து வருஷத்துக்கு. ஐந்து வருஷம் முடிந்ததும் ஒரு சீட்டுக் கொடுத்தார்கள், இனி நீ சுதந்திர ஆள் என்று. அதற்குப் பிறகும் பிழைப்பு ஒன்றும் சுகமாக இல்லை. ஆனாலும் முடிந்தது என்று ஒரு நாள் வந்தது. நான் திரும்பத் திரும்ப நினைத்துப் பார்த்தது அந்த ஒரு விஷயத்தைத்தான். ஓடியவருக்கு ஐந்து வருஷத்தில் முடிந்தது. அவர் இடத்தில் நின்றவர் இன்னும் மாட்டுக்குத் தண்ணி காட்டிக்கொண்டிருந்தார்.

அவர் திரும்பி வந்ததும் ஒரு கைநாட்டில்தான். இலவசமாகக் கப்பலேற்றுகிறோம், ஆனால் இந்தத் தேசத்துக்குத் திரும்பி வரக்கூடாது என்று அங்கத்து சர்க்கார் எழுதி வாங்கிக்கொண்டது. கரும்பு வெட்ட ஆள் வேண்டும் என்றபோது கை காய்த்திருக்கிறதா என்று பார்த்தவர்கள், கிழவனானதும் அதே கையைப் பிடித்து மையில் அழுத்தி அனுப்பிவிட்டார்கள். அங்கே பிறந்த பெண்ணுக்கும் சேர்த்து.

ஆக, இனி அவர்களுக்கு எங்கள் ஊரை விட்டால் வேறு இடம் இல்லை. எங்கள் குடிசையில் நாலு பேர் காலை நீட்டிப் படுக்க முடியாது. ஏரிக்கரையோரம் சர்க்கார் புறம்போக்கு கிடந்தது. தாலுக்கா ஆபீசில் மனு கொடுத்தால் அதில் மனை கிடைக்கும், ஆனால் இந்த ஊர்க்காரர்தான் என்று கிராம அதிகாரியான மணியக்காரர் எழுதிக் கொடுக்க வேண்டும் என்றார்கள். எங்கள் ஊர் மணியக்காரர் வேறு யாருமில்லை. ஆண்டைதான். பெரியப்பாவை வேலை வாங்கிய பழைய ஆண்டையின் பேரன்.

பெரியப்பா, அக்கா, நான் மூன்று பேரும் திண்டிவனம் தாலுக்கா ஆபீஸ் வாசலில் மனு எழுதுகிறவரிடம் போனோம். அக்கா தகரப் பெட்டியிலிருந்து ஒரு காகிதத்தை எடுத்துக் கொடுத்தாள். மெட்ராஸ் டிப்போவில் பெரியப்பாவுக்குக் கொடுத்த பாஸ். முழுவதும் இங்கிலீஷ். மடிப்பெல்லாம் கிழிந்து பின்னால் துணி ஒட்டியிருந்தது. மனு எழுதுகிறவர் கண்ணாடியை ஏற்றிவிட்டுப் படித்தார். பெரியப்பாவை ஏற இறங்கப் பார்த்தார். மறுபடியும் படித்தார். பிறகு சிரிக்க ஆரம்பித்துவிட்டார்.

"பெரியவரே, நீங்க பெரிய எடத்துப் புள்ளைன்னு சொல்லவே இல்லியே?"

"இன்னாங்க?"

தகப்பன் பெயர் என்ற இடத்தில் எழுதியிருந்ததை அவர் சத்தமாகப் படித்தார். பழைய ஆண்டையின் பெயர். சாதிப் பட்டத்தோடு.

பெரியப்பாவுக்கு முதலில் புரியவில்லை. புரிந்ததும் அங்கேயே தரையில் உட்கார்ந்துவிட்டார். "யார்டா நீன்னு கேட்டான். நான் எப்பவும் சொல்ற மாதிரி ஆண்டை பேரைச் சொன்னேன். அவன் எழுதிக்கினான். அதுக்கு மேல ஒண்ணும் கேக்கல. எனக்கு இன்னா தெரியும்?"

ஓடிப்போகிறவன் தன் ஆண்டையின் பெயரைச் சொல்வானா என்று கேட்கலாம். சொன்னார். பதினெட்டு வயது வரை அந்தக் கேள்விக்கு வேறு பதிலே அவர் வாயில் வந்ததில்லை. எழுதியவனுக்கோ காலியாக இருந்த இடம் நிரம்பினால் போதும். அவனுக்குப் பின்னால் இன்னும் நூறு பேர் வரிசையில் நின்றுகொண்டிருந்தார்கள். கிழக்கே ஒரு கப்பல் நின்றுகொண்டிருந்தது.

"இத வெளிய காட்டாதீங்க, பேஜாராப் பூடும்" என்றார் மனு எழுதுகிறவர்.

அக்கா ஒப்புக்கொள்ளவில்லை. "எங்ககிட்ட இருக்குறது இது ஒண்ணுதாங்க. இதைக் காட்டலேன்னா எங்கப்பா இந்த மண்ணுலேர்ந்து போனவர்னு எப்படிச் சொல்றது? தப்பா எழுதியிருக்கு, அவ்வளவுதானே. ஊரு பெரியவங்க தப்புன்னு எழுதிக் குடுத்தா சரியாப் போச்சு."

அவள் வளர்ந்த இடத்தில் தப்பை அதிகாரியிடம் சொன்னால் சில சமயம் திருத்துவார்கள் போலிருக்கிறது. எனக்குத் தெரியும் இது எங்கே போய் முடியும் என்று. ஆனாலும் நான் வாயைத் திறக்கவில்லை. வழக்கம்போல.

மறுநாள் களத்துக்குப் போனோம். மல்லாட்டை பிடுங்கும் காலம். களத்தில் கொடியோடு குவித்து வைத்து, சுற்றி உட்கார்ந்து பெண்கள் காய் ஆய்ந்துகொண்டிருந்தார்கள். ஆண்டை புளியமரத்தடியில் கட்டிலில் உட்கார்ந்திருந்தார், பக்கத்தில் கணக்குப்பிள்ளை. அப்பா ஒரு குவியலிலிருந்து கொடியை இழுத்துப் பெண்களுக்குப் போட்டுக்கொண்டிருந்தார். நாங்கள் வந்ததைப் பார்த்தும் பார்க்காத மாதிரி வேலை செய்தார்.

"கப்பல்காரன் வந்துட்டானாமே! இவன்தானா?" என்றார் ஆண்டை. "எங்க தாத்தா வண்டியைச் சந்தையிலேயே வுட்டுட்டு ஓடினவன். மாடு தானா வூடு வந்து சேந்துச்சாம்டா. மாட்டுக்கு இருந்த நன்றி உனக்கு இல்ல."

பெண்கள் சிரித்தார்கள். பெரியப்பா கையைக் கட்டிக்கொண்டு விஷயத்தைச் சொன்னார். கணக்குப்பிள்ளை காகிதத்தை வாங்கி எழுத்துக் கூட்டிப் படித்தார். தகப்பன் பெயர் வந்ததும் அவருக்குச் சிரிப்பை அடக்க முடியவில்லை.

"இன்னாய்யா?"

"ஒண்ணுமில்லீங்க. பங்கு பிரிக்கறதா இருந்தா ஒரு ஆளு கூட வருதுங்க. உங்களுக்குச் சித்தப்பா முறை ஆகுதுங்க."

அவர் வேடிக்கைக்குத்தான் சொன்னார். ஆண்டையும் முதலில் சிரித்தார். களத்தில் பெண்கள் முந்தானையால் வாயை மூடிக்கொண்டதைப் பார்த்த பிறகுதான் அவர் முகம் மாறியது. காகிதத்தைப் பிடுங்கினார். தன் தாத்தா பெயர் அவருக்கு இங்கிலீஷில் படிக்கத் தெரிந்திருந்தது.

"யார்ரா எழுதச் சொன்னது? எங்க தாத்தனுக்குச் சேரியில புள்ளைன்னு கவர்மெண்டு பேப்பர்ல எழுதி வெச்சிக்கினு ஊரு ஊரா சுத்திக்கினு இருக்கிறியா? நிலத்துல கேஸ் போடலாம்னு எவன்டா சொல்லிக் குடுத்தான்?"

"சாமி, கேஸ் இல்லீங்க. தப்புன்னு எழுதிக் குடுத்தாப் போதுங்க."

இதில் ஒரு விஷயத்தை நான் சொல்லியாக வேண்டும். எங்களை நாற்பது வருஷம், ஐம்பது வருஷம் தங்கள் பெயரால் கூப்பிட்டவர்கள் அவர்கள்தான். எங்களுக்கென்று ஒரு அப்பன் பெயர் இல்லாமல் செய்தவர்களும் அவர்கள்தான். அவர்கள் பெயரைச் சொல்லாமல் எங்கள் ஆட்கள் தெருவில் நடக்க முடியாது. அதே பெயர் ஒரு காகிதத்தில் வேறு இடத்தில் ஏறியதும் அவர்களுக்கு மானம் போய்விட்டது.

ஆண்டை கொஞ்சம் நிதானத்துக்கு வந்தார். "சரி. இந்தக் காகிதத்தை நான் கிழிச்சிப் போட்டுடறேன். நீ இங்க எல்லார் முன்னாடியும் வுழுந்து, நான் பொய் சொல்லிட்டேன்னு சொல்லு. உன் பொண்ணு அந்த ஷூவைக் கழட்டிப் போட்டுட்டு நாளையிலேர்ந்து மாட்டுக்கொட்டகைக்கு வரட்டும். உன் தம்பிக்கும் வயசாயிடுச்சி, அடுத்த ஆளு வேணும். அப்புறம் கையெழுத்துப் போடறதப் பத்திப் பாக்கலாம்."

பெரியப்பா விழுவதற்குத் தயாராக முழங்காலை மடக்கிவிட்டார். அவரைச் சொல்லிக் குற்றமில்லை. அக்கா அவர் கையைப் பிடித்துக்கொண்டாள். ஆண்டையைப் பார்த்து மரியாதையாகத்தான் கேட்டாள்.

"எத்தனை வருஷங்க?"

"இன்னாது?"

"கொட்டகை வேலைக்கு எத்தனை வருஷம்னு கேட்டேங்க. எங்கப்பாவுக்கு அங்க அஞ்சு வருஷம்னு எழுதிக் குடுத்தாங்க. இங்க எத்தனை வருஷம்னு தெரிஞ்சா நல்லது."

களம் முழுவதும் சிரித்தது. ஆண்டை சிரித்தார், கணக்குப்பிள்ளை சிரித்தார். காய் ஆய்ந்துகொண்டிருந்த எங்கள் சேரிப் பெண்கள்தான் அதிகமாகச் சிரித்தார்கள். "கப்பல்காரி வருஷக் கணக்கு கேக்குறாடீ!" என்று ஒருத்தி இன்னொருத்தியின் தோளில் இடித்தாள். வருஷம் என்று ஒரு எல்லை இருக்கும் என்று நினைக்கிறாளே, எவ்வளவு வெகுளி என்று அவர்களுக்குச் சிரிப்பு. அவள் கேலியாகக் கேட்கவில்லை. உண்மையாகவே தெரிந்துகொள்ளக் கேட்டாள்.

சிரிக்காதவர் அப்பா ஒருவர்தான். கையிலிருந்த கொடியைக் கீழே போட்டுவிட்டு நடந்து வந்தார். துண்டு இடுப்பில்தான் இருந்தது. குரலும் எப்போதும்போலத் தணிவாகத்தான் இருந்தது.

"ஆண்டே, எங்கண்ணன் அஞ்சு வருஷத்தை முடிச்சிட்டான். அவன் எடத்துல நின்னவன் நானு. எனக்கு எப்பங்க முடியுது?"

யாரும் சிரிக்கவில்லை. அப்பா பதிலுக்காகக் காத்துக்கொண்டு நின்றார். அவர் சவாலாகக் கேட்டார் என்று பின்னால் ஊரில் பேசினார்கள். எனக்குத் தெரியும், அப்படி இல்லை. அதுவரை அந்தக் கேள்வி அவருக்குத் தோன்றியதே இல்லை. அக்கா கேட்டதைக் கேட்ட பிறகுதான் தோன்றியது. தோன்றியதும் கேட்டுவிட்டார்.

ஆண்டையின் வாயில் வந்த வசவுகளை நான் எழுதப்போவதில்லை. அவர் எழுந்து நின்று காகிதத்தைக் கிழிக்கப் போன நேரத்தில் அக்கா கையை நீட்டி அவர் விரல்களுக்கு நடுவிலிருந்து அதை எடுத்துக்கொண்டாள். பிடுங்கவில்லை. தன் பொருளை எடுத்துக்கொள்வதுபோல எடுத்தாள். அவளுடைய விரல் ஆண்டையின் விரல் மேல் பட்டது. அவர் திகைத்துப்போனதில் காகிதம் பிழைத்தது. துணி ஒட்டிய ஒரு ஓரம் மட்டும் அவர் கையில் தங்கிவிட்டது.

நான் என்ன செய்தேன்? ஒன்றும் செய்யவில்லை. எனக்கு ஐந்தாவது படிப்பு இருந்தது. என் தாத்தாவின் பெயர் எனக்குத் தெரியும், அதை எழுதவும் தெரியும். கணக்குப்பிள்ளை சிரித்தபோது, இவர் இன்னாருடைய மகன் என்று ஒரு வார்த்தை நான் சொல்லியிருக்கலாம். சாக்கு தைக்கிற ஊசியை விரலில் சுழற்றிக்கொண்டு நின்றேன். ஊசியை எதற்காகக் களத்துக்குக் கொண்டுபோனேன் என்று இன்றுவரை தெரியவில்லை.

மூன்று நாளில் குடிசையைப் பிரித்துக்கொண்டு போகச் சொல்லிவிட்டார்கள். எங்களுக்காக யாரும் வந்து பேசவில்லை. நாட்டுக்குச் சுதந்திரம் வந்து சில வருஷங்கள் ஆகியிருந்தன, ஓட்டெல்லாம் போட்டிருந்தோம். அப்பா ஓட்டுப் போட்ட அன்றும் ஆண்டையின் வண்டியில்தான் போய் வந்தார். மனு என்ன ஆயிற்று என்று தாலுக்கா ஆபீசில் நாலு முறை போய்க் கேட்டேன். நாலாவது முறை ஒரு குமாஸ்தா காகிதக் கட்டை அவிழ்த்துப் பார்த்து, "சொந்த ஊர் ருசுவாகலைன்னு மணியக்காரர் எழுதிட்டாரு. முடிஞ்சிபோச்சி" என்றார். அந்த ஊர் மண்ணில் பிறந்து, அந்த ஊர் மாட்டை ஓட்டி, அந்த ஊர் வண்டியிலிருந்து போனவர். அவர் ஓடினார் என்பதற்காகத் தம்பியைப் பிடித்துப்போன வீட்டார்தான், அவரை யாரென்றே தெரியாது என்று கையெழுத்துப் போட்டார்கள். தெரியாத ஆளுக்குப் பதிலாகவா என் அப்பாவை நாற்பத்தைந்து வருஷம் வேலை வாங்கினீர்கள்? இதைக் குமாஸ்தாவிடம் கேட்கவில்லை. அன்று வழியெல்லாம் எனக்குள்ளேயே கேட்டுக்கொண்டு நடந்தேன்.

மண்டி முதலாளி தயவில் விழுப்புரத்தில் கூட்ஸ் ஷெட் வேலை கிடைத்தது. ரயில் பாதையோரம் குடிசை போட்டோம். அக்கா முதலில் என்னோடு சாக்கு தைத்தாள், பிறகு ஒரு பழைய மிஷின் வாங்கிப் பாவாடை, ஜாக்கெட் தைத்தாள். ஷூ தேய்ந்து போகும்வரை போட்டுக்கொண்டிருந்தாள். விழுப்புரத்தில் அதை யாரும் கேட்கவில்லை. அப்பாவுக்கும் ஷெட்டில் கூட்டிப் பெருக்குகிற வேலை கிடைத்தது. சாயந்திரம் ஐந்து மணிக்குச் சங்கு ஊதினால் வேலை முடிந்தது என்று அவருக்குப் புரியவே ஆறு மாதம் ஆயிற்று. மற்றவர்கள் போன பிறகும் துடைப்பத்தோடு நிற்பார். டீக்கடைக்குப் போவதற்கு என்னிடம் வந்து, "ஒரு டீ குடிச்சிட்டு வரட்டுமா?" என்று கேட்பார். மகனிடம் உத்தரவு கேட்கிற அப்பா. "இதெல்லாம் எங்கிட்ட கேக்காதப்பா" என்று கத்தியிருக்கிறேன். அப்போதும் தலையை ஆட்டிவிட்டு மறுநாள் கேட்பார்.

அண்ணனும் தம்பியும் அங்கேதான் பேச ஆரம்பித்தார்கள். ஒரு நாள் டீக்கடை பெஞ்சில் அப்பா கேட்டார், "அங்க கேப்பை உண்டாண்ணா?"

"சோளமாவுதான்."

ஒரு கூட்ஸ் வண்டி முழுவதும் கடந்து போயிற்று. பிறகு அப்பா, "ஓடறப்ப என்னை நெனச்சியா?" என்றார்.

"கப்பல்ல நெனச்சேன். அதுக்கு முந்தி நெனைக்கல."

"சரி வுடு" என்றார் அப்பா. அதற்குப் பிறகு அவர் அதைப் பற்றிக் கேட்டதில்லை. எனக்குத்தான் மனது ஆறவில்லை. அந்த இரண்டு கிழவர்களுக்கு நடுவில் ஒரு கடன்போல அந்தக் கேள்வியை வைத்துவிட்டு, அதை வைத்த ஆண்டை வீட்டார் சௌகரியமாக வீட்டில் இருந்தார்கள்.

அறுபதுகளின் தொடக்கத்தில் ஒரு மாசி மாதம் பெரியப்பா இறந்தார். இரண்டு நாள் காய்ச்சல், அவ்வளவுதான். காலையிலேயே தூக்கிக்கொண்டு போனோம். பெண்கள் வரக்கூடாது என்று சொன்னதைக் கேட்காமல் அக்காவும் வந்தாள். சுடுகாட்டு வாசலில் நகராட்சி ஆள் ஒருவர் நீளமான நோட்டுப் புத்தகத்தோடு உட்கார்ந்திருந்தார். எழுதி முடித்த பிறகுதான் உள்ளே விடுவார். எங்களுக்குப் பின்னால் இன்னொரு பாடை வந்து நின்றது.

"பேரு?"

சொன்னேன்.

"வயசு?"

"எழுவது இருக்குங்க."

"தகப்பன் பேரு?"

நான் சுற்றி நின்றவர்களைப் பார்த்தேன். நூறு பேர் நின்றதுபோல இருந்தது. இருபது பேர்கூட இல்லை. அப்பா பாடையின் முன்பக்கத்தை இன்னொருவர் தோளுக்கு மாற்றிவிட்டு வந்தார். வயலுக்கு அந்தப் பக்கம் இருக்கிற ஆளைக் கூப்பிடுகிற குரலில் என் தாத்தாவின் பெயரைச் சொன்னார். அவர் வாயிலிருந்து அந்தப் பெயரை நான் கேட்டது அதுதான் முதல் தடவை.

"மெதுவா சொல்லுய்யா, காது கேக்குது" என்றார் நகராட்சி ஆள்.

அப்பா மறுபடியும் அதே குரலில் சொன்னார். ஊர்ப் பெயரையும் சேர்த்துச் சொன்னார்.

"எழுதிட்டேன். போங்க."

"எம்புள்ள படிக்கட்டுங்க."

"இன்னாத்த?"

"நீங்க எழுதினதை. அவன் அஞ்சாவது படிச்சிருக்கான். எங்கண்ணனுக்கு ஒருவாட்டி தப்பா எழுதிட்டாங்க."

நகராட்சி ஆள் சலித்துக்கொண்டு நோட்டை என் பக்கம் திருப்பினார். "ஜல்தி படிப்பா, பின்னால ஆளு நிக்குது." அக்கா குடையை மடக்கிக்கொண்டு பக்கத்தில் வந்து நின்றாள். பச்சை மை, சாய்வான எழுத்து. பெரியப்பாவின் பெயர், அடுத்த கட்டத்தில் தாத்தாவின் பெயர், அதற்கடுத்து எங்கள் ஊர். மணியக்காரரின் கையெழுத்து இல்லாமல். நான் படித்தேன். குரல் எனக்கே கேட்கவில்லை.

"கேக்கலடா" என்றார் அப்பா.

பாடையைத் தூக்கி நின்றவர்கள் திரும்பிப் பார்த்தார்கள். பின்னால் நின்ற பாடைக்காரர்களும் பார்த்தார்கள். நான் விரலை அந்த வரியில் வைத்துக்கொண்டு இன்னொரு தடவை, எல்லோருக்கும் கேட்கும்படி படித்தேன்.